காக்கை வராத படையல்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

செத்தவர்களோடு பேசக்கூடாது என்று உங்கள் வேதம் சொல்கிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன். காலையிலிருந்து மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். முதல் பஸ்ஸில் மாரமங்கலத்து அத்தை வந்து இறங்கினார்கள், கையில் துணி கட்டிய மண்சட்டியோடு. உங்களுக்கென்றே வாங்கிய அதே சட்டிதான். சபையில் மற்றவர்கள் "அதெல்லாம் பழைய ஏற்பாடுங்க" என்று பன்றிக்கறியை வெளுத்துக்கட்டியபோது, நீங்கள் மட்டும் மோசேயின் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே! பன்றிக்கறி வேகிற வீடென்று உங்கள் அக்கா தனிச்சட்டி வாங்கியும், "அடுப்பு ஒண்ணுதானுங்களே" என்று கடுங்காப்பியோடு எழுந்து வந்தவர்தானே நீங்கள்?

"குளம்பு ரெண்டாப் பொளந்திருக்கோணும், அசை போடோணும், ரத்தம் ஒரு சொட்டு நிக்கக்கூடாது. எல்லாம் பாத்துத்தான் கண்ணு ஆட்டுக்கறி ஆக்குனேன். அடுப்புங்கூடப் புதுசு" என்றார்கள் அத்தை. சொல்லிக்கொண்டே உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டார்கள்.

கறி சுத்தம்தான். செத்தவருக்குப் படைப்பதுதான் உங்கள் சட்டத்தில் ஆகாதது. அதை எந்த வாயால் அவர்களிடம் சொல்வேன்?

ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார்கள். காக்கையும் உங்களுக்கு அசுத்தப் பறவை. அந்த உருவத்தில் நீங்கள் வருவீர்களா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனால் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு காக்கையும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தையின் குரல் உடைந்துபோனது.

"இன்னும் உன்ற கோவம் தீரலியா சாமி? செத்தும் அக்கா ஊட்டுச் சோறு ஆகாதா?"

எனக்குத் தாங்கவில்லை அப்பா. உள்ளே போய், படத்துக்கு முன்னாலிருந்த இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டேன்.

"அத்தை, நொம்பப் பசிக்குதுங்க. வந்து கொழம்பு ஊத்துங்க."

"அட, அது அவனுக்குப் படைச்சது கண்ணு!"

"தெரியுமுங்க. அவரு பங்கையும் நானே திங்கறேன்."

அத்தை முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார்கள். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. இத்தனை வருஷம் இதையா வேண்டாம் என்றீர்கள்?

நான் படையலைச் சாப்பிட்டேனா, படையலைக் கலைத்தேனா? இன்னும் தெரியவில்லை. சபையில் கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. அடுத்த வருஷம் அத்தை பஸ் ஏறுவதற்கு முன்னால் நானே மாரமங்கலம் போய்விடுவேன். உங்கள் படத்தை எடுத்துப் போகமாட்டேன். அந்தச் சட்டியில் ஆக்கச் சொல்லி, அத்தைக்கு எதிரே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவேன். உங்களுக்கு ஒரு பருக்கைகூட வைக்கமாட்டேன் அப்பா. உங்கள் சட்டப்படிதான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுச் சோறு தின்ற உங்கள் மகள்