பலாக் கரைசல் ஊற்றிய கீரை

மார்ச் 11, 2025, செவ்வாய்

கடலூர் போய்விட்டு வந்து படுத்ததுதான், சாயங்காலம் வரை எழவில்லை. டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு உடம்பைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்ட மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டில் முருங்கைக்கீரை வதக்கினார்கள். என் வீட்டுக்காரர் இளவரசிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தியும் வாசனை வந்தது.

இன்றைக்கும் அந்த டயட்டீஷியன் பெண்ணிடம் கேட்டுவிட்டேன், கீரை மட்டும் கொஞ்சமாக, ஒரு வாய்... “ஆன்ட்டி, பொட்டாசியம் ஏறுனா ஹார்ட் நின்னுடும். எத்தினி வாட்டி சொல்றது?” மகள் வயசு அவளுக்கு. திட்டவும் முடியவில்லை. வாழைப்பழம், இளநீர், தக்காளி எல்லாம் போனது போகட்டும். கீரை போனதுதான் தாங்கவில்லை. இந்தச் சிதம்பரத்தில் இருபது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். பிள்ளை உண்டாகி வந்த ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, தினமும் கீரை சாப்பிடு என்று மிரட்டியவள். எனக்கா இப்படி?

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண்ணே ஒன்று சொன்னாள். மண் இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறார்களே, அதில் பொட்டாசியத்தைக் குறைத்து வளர்க்க முடியுமாம். வெளிநாட்டில் என்னை மாதிரி ஆட்களுக்காகவே செய்கிறார்களாம். சும்மா ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வழியெல்லாம் போனையே நோண்டிக்கொண்டு வந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

மொட்டை மாடியில் வெள்ளைக் குழாய்கள். வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு சின்னக் கப், கப்புக்குள் ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சில் சிறுகீரை விதை. கீழே ஒரு தொட்டி. அதிலிருந்து தண்ணீர் ஏறிக் குழாய் வழியாக ஓடித் திரும்பித் தொட்டிக்கே வருகிறது. இளவரசுக்கு மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டுகிற வேலை. பம்ப் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பேரில்தான் இளவரசு, கையெல்லாம் கிரீஸ்.

“மண்ணுல என்னா இருக்குதோ அத்தினியும் செடி இழுத்துக்கும் லோகா. நம்ம தடுக்க முடியாது. தண்ணின்னா நாம குடுக்கறததான் குடிக்கும். கடைசி ரெண்டு வாரம் பொட்டாசியம் இருக்கற பாக்கெட்ட மட்டும் நிறுத்திடலாம்.”

பாக்கெட்டைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக உப்பு. உரம்தானே இது? பாக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். எனக்குக் கிட்னி ஏன் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சர்க்கரை கிடையாது, பரம்பரையில் கிடையாது. நானாக ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அண்ணாகிராமத்தில் அப்பா உரம் கரைத்த வாளியிலேயே தண்ணீர் மொண்டு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கீரை வந்துவிட்டது. இளவரசு பறித்துக் கொண்டுவந்து காட்டினபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை முதல் ரேங்க் வாங்கின மாதிரி. அந்த நேரம் பார்த்து என் தம்பி அறிவழகன் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான்.

அவன் நிலத்தில் ஒரு பிடி யூரியா விழுந்து பல வருஷம் ஆகிறது. பலாவும் முந்திரியும் இயற்கை முறையிலேதான். கூட்டம் போட்டால் மைக் பிடித்துப் பேசுவான். மாடிக்குப் போனவன் பாக்கெட்டோடு இறங்கினான்.

“என்னா மாமா இது? அக்காவுக்கு இருக்கற நோவு போதாதா? உப்பக் கரைச்சு ஊத்தி அதையும் தின்னக் குடுக்கறீங்க?”

“மச்சான், கொஞ்சம் பொறு. இதுல கணக்கு இருக்கு.”

“என்னா பெரிய கணக்கு? விஷத்துக்கு ஏது மாமா கணக்கு?”

இளவரசு பாக்கெட்டை வாங்கி ஓரமாக வைத்தார். அவருக்கு வாதாட வராது. நான் சமைத்தேன். தட்டிலும் போட்டுக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த வாளிதான் கண்ணுக்குள் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். இளவரசு அதை இழுத்து வைத்துக்கொண்டு முழுக்கச் சாப்பிட்டார்.

மே 4, ஞாயிறு

அறிவு இரண்டு கேனில் கரைசல் கொண்டுவந்திருக்கிறான். சுளையைச் சுற்றி நாராக வருகிற பலாச் சடை, பலாத்தோல், வெல்லம் எல்லாம் டிரம்மில் ஊறவைத்துப் புளிக்கவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டியது. மண்ணில் போட்டால் மரமே ஆடும் என்கிறான். தண்ணீருக்கும் போடலாம், உப்பே தேவையில்லை என்கிறான்.

“இதுல எது எவ்ளோ இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று இளவரசு கேட்டார்.

“இயற்கையா இருக்கறது உடம்ப ஒண்ணும் பண்ணாது மாமா.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தம்பி பக்கம்தான் பேசினேன். அவன் சொல்வதுதான் சரி, உப்பு வேண்டாம் என்றேன். அவர் தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.

மே 14, புதன்

நாற்றம் தாங்கவில்லை. வேரெல்லாம் கொழகொழவென்று பழுப்பாகிச் செடி செத்தது. இரண்டு தடவை பம்ப் அடைத்துக்கொண்டது.

மே 16, வெள்ளி

அறிவு போனில் சொன்னான், தப்பு அவசரப்பட்டதுதானாம். கரைசலைச் செடி அப்படியே குடிக்காது. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகி அதை உடைத்துக் கொடுத்தால்தான் குடிக்குமாம். மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரை வைத்து ராத்திரி பகலாகக் குமிழி விடணும், நாற்றம் போனபிறகுதான் செடி வைக்கணும். இளவரசுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இன்றைக்கே மோட்டார் வாங்கிவந்து மாட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜூன் 14, சனி

என்ன சொல்ல! இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கரும்பச்சை. தொட்டால் கையில் குளிர்ச்சி ஏறுகிறது. தண்ணீரில் மண் வாசனை.

“காலேஜ் லேப்ல ஒரு பிடி குடுத்துப் பாத்துட்டு அப்பறம் சாப்புடலாம். நாலு நாள்தான் ஆவும்” என்றார் இளவரசு. நாலு நாளா? மூன்று வருஷம் ஆகிறது நான் கீரை தின்று. “என் தம்பி என்னக் கொல்லவா போறான்?” என்று கேட்டேன். அவர் கீரையைப் பறித்துக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

பொட்டாசியம் குறைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வடிக்க மனசு வரவில்லை. பூண்டு போட்டு, வெந்த தண்ணீரோடு சட்டியில் கடைந்தேன். இரண்டு கரண்டி என்று உட்கார்ந்தவள் சட்டியைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கும்.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கும். அறிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “பாத்தியாக்கா! நா சொன்னனா இல்லியா?” என்று கத்தினான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றுதான் கையில் பேனா நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போகும்போதே கால் என் கால் மாதிரி இல்லை. ஆலப்பாக்கம் தாண்டினதும் நெஞ்சு ஒரு அடி அடித்து, நின்று, யோசித்து, மறுபடி அடித்தது. “ஏங்க” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இளவரசு போட்ட சத்தத்தில் டிரைவர் வேறெங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோனாராம். அவர் யாரென்று கூடத் தெரியாது. நன்றாக இருக்கணும்.

ஐந்தரைக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழுக்கு மேல். ஊசி மேல் ஊசி, உடனே மெஷின். கொஞ்சம் தெளிந்ததும் டியூட்டி டாக்டர் கேட்டார், “என்னம்மா சாப்டீங்க?”

“கீரை சார். ஆனா ஆர்கானிக்.”

அவர் கோபப்படக்கூட இல்லை. “கிட்னிக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எதுல வந்தாலும் பொட்டாசியம் பொட்டாசியம்தான்.”

பயந்துட்டேன். நெசமாவே பயந்துட்டேன். போய்ட்டா போய்ட்டேன்னு வீராப்பா பேசிக்கினு இருந்தவதானே நான்? அந்த பஸ்ஸுல செத்துடக் கூடாதுன்னு தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கூப்ட்டேன்.

ஜூன் 28, சனி

இளவரசு மிச்சமிருந்த கீரையை லேபில் கொடுத்திருந்தார். சாதாரணமாகக் கடையில் வாங்குகிற கீரையைவிடவும் ஜாஸ்தியாம். பலாவிலும் வெல்லத்திலும் இருந்த பொட்டாசியம் முழுக்கத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. செடி கொடுத்ததைக் குடித்திருக்கிறது, அவர் முதல் நாளே சொன்ன மாதிரி.

அறிவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிவிட்டாராம். “உன் தண்ணிதான்டா உங்கக்காவ இங்க படுக்க வச்சிருக்கு.” அமைதியான மனுஷன் பேசினால் இப்படித்தான். அதற்குப் பிறகு அறிவு போனை எடுக்கவில்லை. அவன் மனைவி இளமதிதான் எடுக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லையாம், யாரிடமும் பேசுவதில்லையாம். டிரம்மெல்லாம் கவிழ்த்துப் போட்டுவிட்டானாம்.

சட்டியைக் காலி பண்ணினவள் நான். வடிக்காமல் கடைந்தவள் நான். லேபுக்கு வேண்டாம் என்றவளும் நான்தான். அவன் ஏன் பட்டினி கிடக்கிறான்?

ஜூலை 4, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறவில்லை. தம்பியைப் பார்க்கணும், பண்ருட்டி பஸ் என்றேன். “படுக்க வேண்டிய நேரத்துல ஊர் சுத்தணுமா?” என்றவர், எனக்கு முன்னால் ஏறி இடம் பிடித்தார்.

அறிவு கொல்லையில் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய்... எழுந்துகூட வரவில்லை.

“உன்னக் கொன்னுருப்பேங்க்கா.”

“வாய மூடுடா. கேட்டு வாங்குனவ நானு. நீயா வந்து ஊட்டுன?”

“எந்த நோவும் இதுல போய்டும்னு ஊரு ஊரா மைக்ல பேசுனவங்க்கா நா. அப்ப பண்ணதெல்லாம் பொய்யா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உன் கரைசலில் செடி செழிப்பாகத்தான் வளர்ந்தது. கிட்னி இருக்கிறவன் தின்றால் தெம்பு. நீ தின்னு, உன் பிள்ளைகளுக்குக் கொடு. எனக்கு வெளியே தள்ள வழியில்லை, அவ்வளவுதான். எனக்கு எது எவ்வளவு என்று தெரிந்தே ஆகணும். உன் டிரம்முக்கு அது சொல்லத் தெரியாது, உப்புக்குத் தெரியும்.

கேட்டுக்கொண்டானே தவிர நிமிரவில்லை. இளவரசு போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “கோவத்துல பேசிட்டேன் மச்சான்” என்றார். அறிவு அப்போதுதான் அழுதான். தோட்டமே கேட்கிற மாதிரி அழுதான். நானும் அழுதேன். இளமதி சோறு கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டான்.

ஜூலை 13, ஞாயிறு

இளவரசு என்னைக் கேட்காமலே தொட்டியைக் கழுவி, உப்புக் கரைத்து, விதை போட்டிருக்கிறார். நான் மாடிக்குப் போகவில்லை. பச்சையாக எதைப் பார்த்தாலும் இப்போது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைசி இரண்டு வாரம் அந்தப் பாக்கெட்டை நிறுத்தி, லேபில் கொடுத்துப் பார்த்தாயிற்று. பொட்டாசியம் கடைக்கீரையில் இருப்பதில் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. டயட்டீஷியன் பெண் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “வேக வச்சு வடிச்சு, ஒரு சின்னக் கரண்டி. ஒண்ணுதான் ஆன்ட்டி” என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் பதறிப்போனாள்.

அறிவு காலையிலேயே வந்துவிட்டான். மாடியில் அவர்கள் இரண்டு பேர் குரலும் கேட்டது. “இது எவ்ளோ போடணும் மாமா?” “மொதல்ல எடை போடு, அவசரப்படாத.” அவன் கையால் உப்புக் கரைக்கிறான் என்று நினைக்கவே எனக்கு என்னவோ போலிருந்தது.

நானே சமைத்தேன். வடித்தேன். ஒரு கரண்டி தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை எழும்பவில்லை. பஸ், அந்த நெஞ்சடிப்பு, எல்லாம் வந்துவிட்டது. இளவரசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிவு கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் தின்று பார்த்து எனக்கு ஒன்றும் நிரூபணம் ஆகப்போவதும் இல்லை. ஆனாலும் மென்று விழுங்கிவிட்டு என்னையே பார்த்தான்.

“சப்புன்னு இருக்குக்கா” என்றான்.

சப்பென்றுதான் இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மெஷினில் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். அளவுக்குள் இருக்கிறது. படுத்தபடியே அறிவுக்குத்தான் முதலில் போன் போட்டுச் சொன்னேன். “ம்” என்றான். போனை வைக்கவே இல்லை.