ஆஸ்மாவிடம் நான் பேசாத ஐந்து ஆண்டுகள்

அனுப்புநர்:
ஜரீனா பேகம், க/பெ. ஸைஃப்,
மார்சிலிங், சிங்கப்பூர்.

பெறுநர்:
இயக்குநர்,
இளஞ்செவி சிறார் கேட்டல் நிலையம், சிங்கப்பூர்.

பொருள்: வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும்படி பெற்றோருக்குத் தரப்படும் தாளை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஆஸ்மாவுக்குப் பிறவியிலேயே இரு காதுகளும் கேட்கவில்லை. பதினான்காம் மாதத்தில் அறுவை சிகிச்சை செய்து உட்காதுக் கருவி பொருத்தினார்கள். தங்கள் நிலையத்தில் அதை இயக்கிய அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பால் புட்டியை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். அதற்கு என்றும் நன்றியுடையேன்.

2. மறுவாரம் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு தாளைத் தந்தார். இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று அதில் இருந்தது. நான் கடையநல்லூரில் தமிழில் படித்து, மணமாகி இங்கு வந்தவள். எனக்கு ஆங்கிலம் வராது என்றேன். "அப்ப நீங்க கம்மியா பேசுங்க, அப்பா பேசட்டும்லா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

3. சொன்னபடியே செய்தேன். என் கணவர் ஜாலான் புசார் பகுதியில் ஒரு கடையில் வேலை முடிந்து வர இரவு எட்டு மணியாகும். அதுவரை தொலைக்காட்சிதான் அவளிடம் பேசியது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஈட், கம், ஸ்லீப். ஐந்து ஆண்டுகளும் நான் அவளிடம் சொன்னவை இவைதான்.

4. இவ்வாண்டு பள்ளியில் முதல் வகுப்பான தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை என்னிடம் கையால் சைகை காட்டினார். கணவர் காரணம் கேட்டார். தன் அம்மாவுக்குப் பேச வராது என்று ஆஸ்மா வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

5. சென்ற மாதம் தங்கள் புதிய பயிற்சியாளர் ரக்ஷனா, தமிழை நிறுத்தியிருக்கவே தேவையில்லை என்றார். "இப்பவும் பேசலாம் அக்கா" என்றார். பேசுகிறேன். ஆஸ்மாவுக்குப் புரிவதில்லை. களைத்துப்போய்க் கருவியின் வெளிப்பகுதியைக் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறாள். அவள்மேல் தவறில்லை.

6. நான் இழப்பீடு கேட்கவில்லை. ஆஸ்மாவும் நானும் சேர்ந்து தமிழில் பயிற்சி பெற வாரம் ஒரு நேரம் ஒதுக்குங்கள். இதுவரை அத்தாளைப் பெற்ற வீடுகளுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லுங்கள்.

7. போன செவ்வாய்க்கிழமையும் அந்தத் தாள் வரவேற்பு மேசையில் இருந்தது. கைக்குழந்தையைத் தமிழில் கொஞ்சிக்கொண்டிருந்த ஒரு தாய் அதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டார். எழுந்து போய், "பேசுங்கம்மா, நிறுத்தாதீங்க" என்றேன். அவர் தாளைத்தான் காட்டினார். என் பேச்சை அவர் நம்பவில்லை. அவரிடம் தாங்கள் சொல்ல வேண்டுமெனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 9 மே 2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜரீனா பேகம்
ஆஸ்மாவின் தாயார்