இரு சம்பந்திகளின் கூட்டு நிலைப்பாடு

பிரசெல்ஸ்,
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்குரிய அசுந்தா அம்மாளுக்கு,

உங்கள் மகன் நஸாரெனோவை மணக்கவிருக்கும் லீஸ்பெத்தின் தாய் ஓதீல், வணக்கத்துடன் எழுதுவது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் எழுதுவதுதான் முறை என்று நான் தவக்காலம் முழுவதும் காத்திருந்தேன். பெண் வீட்டார் முதலில் எழுதுவதுதான் முறை என்று மால்டாவின் கோசோ தீவில் நீங்களும் காத்திருந்தீர்களாம். உங்கள் மகன் சொன்னார். இப்படியே இருவரும் காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகிவிடும். ஆகவே நான் தொடங்குகிறேன். என் முறை சரியென்ற கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

மெக்கலன் மடத்துக் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் எழுதுகிறேன். உங்களுக்கும் கன்னியாஸ்திரீகள்தான் கற்பித்தார்களாம். பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள். இருக்காது.

பிள்ளைகள் பார்க்கும் வேலையை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வம்பு அங்கேதான் தொடங்கியது. நம் இருபத்தேழு நாடுகளும் வெளியுலகத்தோடு ஒரே குரலில் பேசுவதற்காக, நாட்டுக்கு ஒருவர் என்று உட்கார்ந்து விவாதிக்கும் குழுவில் அவள் பெல்ஜியத்துக்காகவும் அவர் மால்டாவுக்காகவும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு நாடு முடியாதென்றால் மற்ற இருபத்தாறும் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொன்றுக்கும் கூடிக் கையைத் தூக்கினால் வேலை நடக்காது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வரைவை எல்லாத் தலைநகரங்களுக்கும் அனுப்பி, "வியாழன் நண்பகல்வரை ஆட்சேபணை வராவிட்டால் இது எல்லாருடைய முடிவு" என்று போட்டுவிடுவார்கள். பேசாதவர் ஒப்புக்கொண்டவர். எவராவது வாய் திறந்தால், "மௌனத்தை உடைத்துவிட்டார்" என்று தாழ்வாரமெல்லாம் பேச்சாக இருக்கும்.

இந்த வழக்கத்தைத்தான் இருவரும் தங்கள் கல்யாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். தொலைபேசியில் எனக்கு ஒரு வரைவு வந்தது: ஒரு வெள்ளிக்கிழமை நகராட்சியில் பதிவு, பிறகு நின்றுகொண்டே சிற்றுண்டி, கோவிலைப் பற்றி "பிறகு பார்க்கலாம்". கீழே, வியாழன் நண்பகல்வரை ஆட்சேபணை இல்லையென்றால் இதுவே முடிவு. உங்களுக்கும் இதே வாசகம்தான் வந்திருக்கும். நான் படித்துவிட்டுப் பதிலே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தாய் பதில் சொல்லாமலிருந்தால் அதற்கு என்ன பொருள் என்று பூனைக்குக்கூடத் தெரியும். நீங்கள் தொலைபேசியைக் கவிழ்த்து மாதா சொரூபத்தின் பின்னால் வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போதே உங்கள்மேல் மரியாதை பிறந்தது.

அந்த வியாழன் கடந்த மறுநாள் லீஸ்பெத் கூப்பிட்டாள். "அம்மா, ரெண்டு வீட்லயும் ஏகமனதா ஒத்துக்கிட்டாச்சு! மண்டபம் பேசிட்டோம்!"

"யாருடி ஒத்துக்கிட்டது?" என்றேன். "நீங்கதான். ஒண்ணுமே சொல்லலையே!" என்றாள். நான் பேசாமல் இணைப்பைத் துண்டித்தேன். அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாத்தியக் குழுவையும் அமர்த்திவிட்டாள்.

இவ்வளவும் சிரிக்கிற விஷயம். அடுத்து நடந்தது அப்படியல்ல. உங்கள் மகன் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் நான் சொல்கிறேன்.

தெற்குக் கடலில் சரக்குக் கப்பல்களைக் கொள்ளையர்கள் மறிக்கிறார்களே, அதைத் தடுக்க எல்லா நாடுகளின் கப்பல்களும் சேர்ந்து காவல் போவதற்கான வரைவை எழுதியவள் என் மகள். பனிக்காலம் முழுவதும் அதற்காக உழைத்தாள். வியாழன் வந்தது. ஒவ்வொரு தலைநகரமும் பேசாமலிருந்தது. நண்பகல் மணி அடிக்க இருந்த நேரத்தில் ஒரு நாடு மௌனத்தை உடைத்தது. உங்கள் நாடு. அனுப்பியவர் உங்கள் மகன்.

அன்று மாலை அவள் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "கல்யாணம் வேண்டாம்மா. பக்கத்து நாற்காலியில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே என் கழுத்த அறுத்துட்டான்."

நான் தேற்றவில்லை. தொப்பியைக் கழற்றச் சொன்னேன். பிறகு நஸாரெனோவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு வரச் சொன்னேன். "லீஸ்பெத் இருப்பாளா, மதாம்?" என்றார். சாப்பாடு இருக்கும் என்றேன்.

இருவரும் வந்தார்கள். கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு சிறு சங்கடம். என் மேசையில் மூன்றாவது நாற்காலி என் கணவர் அர்மானுடையது. அவர் போனபின் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, லீஸ்பெத்கூட. மாடியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். ஆனால் சூப் ஆறிக்கொண்டிருந்தது. "அங்க உக்காருங்க" என்றேன். என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கரண்டியை எடுத்தேன்.

இறைச்சி வந்ததும் அவள் பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உத்தரவு வந்ததே அன்னைக்குக் காலைலதான். அது போய்ச் சேர்றதுக்கு முன்னாடி உன் காதுல போட்டா, அது என் நாட்டுக்குச் செய்யற துரோகம்."

"அப்ப எனக்குச் செஞ்சது?"

"வரைவுல என்ன எழுதியிருக்கே? காவல் கப்பலுங்க வழியில மீட்கறவங்கள எல்லாம் கிட்டத்துல இருக்கற துறைமுகத்துல இறக்கணும்னு. கிட்டத்துல இருக்கறது எப்பவுமே நாங்கதான். புயல்ல மாட்டினவங்களுக்கு எங்கம்மா கோவில் மண்டபத்துல கம்பளி விரிச்சுக் குடுத்திருக்காங்க. கதவச் சாத்தினதே இல்ல. ஆனா எல்லாக் கப்பலும் எங்க ஒரு வாசலுக்கேதான் வரணுமா? மத்தவங்களுக்கு வாசலே கிடையாதா?"

வாதத்தில் தோற்கும்போது என் மகள் அவள் அப்பாவைப் போலவே உருளைக்கிழங்கை நசுக்குவாள். அன்றும் நசுக்கினாள்.

அசுந்தா அம்மா, எனக்கு அந்த நேரத்தில் உள்ளூர எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மணக்கப்போகிறவளிடமே வாயைத் திறக்காமல் தன் நாட்டின் வார்த்தையைக் காத்தவர், நாளைக்கு என் மகளின் வார்த்தையையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார். அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவும் அவருக்குத் தெரிகிறது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினவர்கள். ஆனால் இதை அவர்களிடம் சொல்ல நான் என்ன முட்டாளா? "பாத்திரத்தைக் கழுவுங்க, ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னேன்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார்கள். முதலில் தட்டுகள் மோதும் சத்தம். பிறகு அவள் குரல். பிறகு அவர் குரல். பிறகு, நம்புவீர்களா, சிரிப்பு. வெளியே வந்தபோது லீஸ்பெத்தின் முன்கையில் மை. என் கடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: துறைமுகங்கள் முறைவைத்து ஏற்க வேண்டும். எந்த நாட்டுக்கும் தொடர்ந்து இரண்டு முறை வராது. கடலே இல்லாத நாடுகள் உணவும் மருந்தும் தங்குமிடச் செலவும் ஏற்க வேண்டும். "ஆஸ்திரியாக்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்றார் அவர். "அவங்கள நான் பாத்துக்கறேன். நீ உன் தலைநகரத்தப் பாரு" என்றாள் அவள். என் இறைச்சிக்கடைக்காரரின் சீட்டில் ஒரு கண்டத்தின் கொள்கை! அர்மான் இருந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

ஒரு நாடு மட்டும் முறையில் சேர விரும்பவில்லை. அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. சம்மதிக்காத நாடு, மற்றவர்களைத் தடுக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். மரியாதையான ஏற்பாடு. எங்கள் மடத்தில் இது இருந்திருந்தால் பல வாக்குவாதங்கள் மிச்சம்.

புதிய வரைவு போயிற்று. மறுபடியும் ஒரு வியாழன். பக்கத்துக் கோவிலில் நண்பகல் மணி அடித்தது. நான் பட்டாணி உரித்துக்கொண்டு, ஒன்றையும் எண்ணாதவள்போல் உட்கார்ந்திருந்தேன். மணி ஓய்ந்ததும் தொலைபேசி.

"அம்மா! யாருமே வாயத் தொறக்கல! ஒருத்தர்கூட!"

பின்னால் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. உங்கள் மகன் குரலும் கேட்டது: "மதாம், இப்பவாவது ஏதாவது சொல்லுங்க!" பட்டாணி முழுவதும் தரையில் சிந்திவிட்டது என்று சொன்னேன். அது உண்மைதான். கப்பல்கள் அடுத்த மாதம் புறப்படுகின்றன.

இனி நம் காரியம். கல்யாணம் உண்டு, ஆனால் எப்படி, எங்கே என்பதில் நான் இதோ மௌனத்தை உடைக்கிறேன். நின்றுகொண்டு சாப்பிடுவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். விருந்தென்றால் மேசை வேண்டும், துணி விரித்த மேசை. நகராட்சிப் பதிவு எங்கள் சட்டப்படி இங்கே நடக்கட்டும். கோவில் திருமணம்?

நான் மணமுடித்த கோவில் என் தெரு முனையில் இருக்கிறது. லீஸ்பெத்தும் அங்கேதான் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். ஆனால் உங்கள் ஊர்க் கோவிலில், கம்பளி விரித்த அந்த மண்டபத்தின் பக்கத்தில், இருவரும் நிற்பதுதான் பொருத்தம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதை விட்டுக்கொடுப்பு என்று சொல்ல வேண்டாம். என் நிலைப்பாடு என்று சொல்லுங்கள்.

நாம் இருவரும் ஒரே குரலில் பேசினால் அந்த இருவரால் ஒன்றும் செய்ய முடியாது. இருபத்தேழு நாடுகளைச் சமாளிப்பவர்கள் இரண்டு தாய்மார்களைச் சமாளிக்கட்டும், பார்ப்போம்.

விருந்துக்கு முயல் சமைப்பீர்களாமே, பூண்டு போட்டு. நாங்கள் கறுப்பு பியரிலும் உலர்ந்த பிளம் பழத்திலும் வேகவைப்போம், அதுதான் சரி. இருந்தாலும் பூண்டு விஷயத்தில் தடுக்க மாட்டேன், ஒதுங்கி நின்றுகொள்கிறேன். ஒரு துண்டு மட்டும் ருசி பார்ப்பேன்.

கல்யாணத்துக்கு முன் ஒருமுறை இங்கே வாருங்கள். லீஸ்பெத்துக்கு அடுத்த பணி உங்கள் கடற்கரைப் பக்கம் இருக்கலாம் என்று பேச்சு. அவள் போனால் இந்த வீட்டில் மேசை கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். நாற்காலிகள் இருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் உட்காரலாம், அந்த மூன்றாவதிலும்.

நான் எந்த வியாழனையும் குறிக்கவில்லை. நீங்கள் பேசாமலிருந்தால் அதை ஆமென்று எடுத்துக்கொள்ளவும் மாட்டேன், நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆகவே, அம்மா, ஒரு வரி எழுதுங்கள். ஆட்சேபணையாக இருந்தாலும் சரி. உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

மாதா நம் நான்கு பேரையும் ஒரே மேசையில் கூட்டி வைக்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்நோக்கி, இன்று முதல் உங்கள் சம்பந்தி,
ஓதீல் வான் ஹூவே