ஒற்றை ஸ்பீக்கர்

மார்ச் 4

அன்பு கொஞ்சம் குறைந்துபோன தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. போன் பண்ணாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே நீ ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது. நான் முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு படி. தப்புத்தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்தைவிடக் கோபம் நன்றாக வரும்.

நீ அனுப்பிய பாட்டு வந்தது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நான் கட்டிய பாட்டு, நாங்கள் ரெண்டு பேரும் கேள்வியும் பதிலுமாகப் பாடியது, தம்பி அவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மிக்ஸிங் பண்ணியது என்று கடை முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா, எதிர்க்கடை இஸ்திரிக்காரர், அளவு கொடுக்க வந்த ரெண்டு பேர், எல்லாரையும் நிற்கவைத்துக் கடை ஸ்பீக்கரில் போட்டேன். கீபோர்டு வந்தது. டிரம் வந்தது. நீ வந்தாய். மறுபடியும் நீ வந்தாய். நான் வரவே இல்லை. நான் பாடவேண்டிய இடத்தில் யாரோ பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் முனகுகிற மாதிரி ஒரு எதிரொலி, அவ்வளவுதான்.

"உன் தம்பி நல்லாத்தான் பாடுறான். நீ எப்ப பாடுவே?" என்று கேட்டாள் காஜா அக்கா. பாட்டு அப்போது முடிந்துபோயிருந்தது.

டேய், எதிரொலி விழக்கூடாது என்று நீ சொன்னதால்தானே துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வியர்த்து வழியப் பாடினேன்? உள்ளே தொங்கிய சட்டைகளாவது என் பாட்டைக் கேட்டன. அந்தப் புண்ணியம் உன் கம்ப்யூட்டருக்கு இல்லை.

சனிக்கிழமை இதை ஊர் கேட்க இணையத்தில் ஏற்றப்போகிறாயாம். என் குரல் இல்லாமல் ஏற்றினால் பார்.

இப்போதைக்கு,
உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

காகிதம் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தியிருக்கிறாய். நானும் அழுத்துகிறேன்.

உன் குரல் கேட்கவில்லையா? என் ஹெட்போனில் இந்தப் பாட்டிலேயே பெரியது உன் குரல்தான். அதை ரெண்டாக்கி, இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று விரித்துப் போட்டிருக்கிறேன். வலது பக்கத்து ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னும் விரியும் என்று படித்தேன், அதையும் செய்தேன். வானம் மாதிரி நிற்கிறாய். கீபோர்டின் அடிச்சத்தமும் உன் குரலின் கனமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. அதனால் உன் கனத்தைக் கொஞ்சம் செதுக்கினேன். எல்லா மிக்ஸிங்கிலும் செய்வதுதான்.

செல்போன் கடையில் நாள் முழுக்க மற்றவர்களுடைய போனைப் பழுது பார்த்துவிட்டு வந்து, இதற்காக உட்கார்ந்தேன். ஒரு நல்ல வார்த்தை இல்லை. அந்த ஓட்டை ஸ்பீக்கரைத் தூக்கிப் போடு. இல்லையென்றால் காதை டாக்டரிடம் காட்டு.

பாட்டை ஏற்றிவிட்டேன்.

தம்பி


மார்ச் 14

பாட்டை ஏற்றிவிட்ட துரை அவர்களுக்கு,

காதை டாக்டரிடம் காட்டவில்லை, உன் மாமாவிடம் காட்டினேன். ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கே" என்றார்.

அப்புறம் இஸ்திரிக்காரரிடம் ஹெட்போன் கடன் வாங்கிக் கேட்டேன். இருக்கிறேன்! இந்தக் காதில் ஒரு நான், அந்தக் காதில் ஒரு நான். கழற்றிவிட்டுக் கடை ஸ்பீக்கரில் போட்டேன், காணோம். என்ன மந்திரமோ, உனக்கும் உன் கம்ப்யூட்டருக்கும்தான் வெளிச்சம். உன் சமையலறையிலும் என் கடை மாதிரி ஒரே ஒரு ஸ்பீக்கர்தானே இருக்கிறது, அதில் போட்டுக் கேளேன்.

அது கிடக்கட்டும். ஹெட்போனில் கேட்டபோதுதான் வயிறு இன்னும் எரிந்தது. ரெண்டு ஓரத்திலும் நான் என்றால், நடுவில் யார்? துரைதான். நமக்கு மேடையில் ஒரே மைக் கொடுத்த நாளெல்லாம் நீ அதற்கு நேராக நிற்பாய், நான் பக்கத்திலிருந்து ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டுவேன். இது வீட்டில் பண்ணிய பாட்டு. இங்கே யாரடா உன்னை நடுவில் தள்ளினது? என்னைப் பார்டராக வைத்துத் தைத்திருக்கிறாய். இந்தப் பாட்டுக்கு நான்தானடா துணி!

கனத்தைச் செதுக்கினாயாம். கீபோர்டும் நானும் முட்டிக்கொண்டால் கீபோர்டைச் செதுக்கக்கூடாதா? அது என்ன உன் மாமியாரா?

பாட்டை இணையத்திலிருந்து இறக்கு. உன் மகளுக்குத் தைத்த கவுனை அவள் அம்மா பேருக்கு அனுப்பிவிட்டேன். உனக்குத் தைத்த சட்டை பட்டன் இல்லாமல் தொங்குகிறது. அப்படியே தொங்கும்.

தையல் கடைக்காரி


மார்ச் 20

அக்கா,

சமையலறை ஸ்பீக்கரில் போட்டேன். உன் நாத்தனார் புத்தி என் வீட்டுக்காரிக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ, பாத்திரம் கழுவிக்கொண்டே, "அண்ணி பாடின பாட்டை எப்பங்க போடுவீங்க?" என்றாள்.

இடமும் வலமும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது, நேராக இருந்த உன் குரலும் தலைகீழான உன் குரலும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிச்சம் நான் மேலே பூசிய எதிரொலி மட்டும். ஹெட்போனைக் கழற்றி ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நீ சொன்னது சரி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை. பாட்டை இறக்கிவிட்டேன்.

புதிது அனுப்பியிருக்கிறேன். உன் குரல் ஒன்றுதான், அதுவும் நடுவில். கனத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கீபோர்டைச் செதுக்கினேன். என் குரலின் லெவலைத் தரைக்கு இறக்கி ஓரமாகப் போய்விட்டேன். போதுமா? திருப்தியா?

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

அதே ஆட்களை நிற்கவைத்து அதே ஸ்பீக்கரில் போட்டேன். காஜா அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "இது நீயாடி?" என்றாள். "நானேதான்" என்றேன். இஸ்திரிக்காரர், "பின்னாடி யாரோ ஒரு ஆள் முனகுற மாதிரி இருக்கே, யாரும்மா அது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. தெருவில போற யாராவது இருக்கும்" என்றேன்.

சொன்ன கையோடு உன்மேல் வந்த கோபம், முதல் கோபத்தைவிடப் பெரிய கோபம். உன்னைத் தரையில் இறக்கச் சொல்லி நான் எழுதினேனா? எந்த வரியில்? அக்கா கேட்டாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பாட்டு பண்ணி அனுப்பியிருக்கிறாய். உன் வீம்பு என் குரலைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு எந்த ஸ்பீக்கரும் போதும். நீ விழுந்துவிட்டால் நான் யாருக்குப் பதில் பாடுகிறேன்? பைத்தியக்காரி மாதிரி நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுந்து வா. எனக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நில். இடித்தால் இடிக்கட்டும், நான் பதிலுக்கு இடித்துக்கொள்கிறேன். மறுபடி மிக்ஸிங் பண்ணி அனுப்பு.

சட்டையை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். எல்லாப் பட்டனும் வைத்துவிட்டேன், நடுவில் ஒன்றைத் தவிர. அது என் மெஷின் டப்பாவில் இருக்கிறது. பாட்டு சரியாக வரட்டும், பட்டனும் வரும். அதுவரை தொப்பை தெரியப் போட்டுக்கொண்டு திரி.

உன் அக்கா