வாடாத செடி

நகரி,
6.10.2024

உழவர் பெருமக்களே!

மேடைப் பேச்சை இப்படித் தொடங்கி எழுதியே பழகிய கை, பொறுத்துக்கொள். அன்புத் தங்கை தரணிக்கு அண்ணனின் வாழ்த்து.

காலையில் செழித்த தக்காளி மாலையில் தலைசாய்ந்தது. வாடல் நோய் நம்மை வாரிக் குடித்தது! விதை விற்றவன் வாய் திறந்தானா? ஆள்வோர் அசைந்தனரா? இல்லை! காட்டுத் தக்காளியோடு இனங்கலந்து உன் ஆய்வுக்கூடத்தில் நீ உருவாக்கிய செடிகள் மட்டுமே அதே மண்ணில் நிமிர்ந்து நிற்கின்றன.

"மடியாத செடி, என் தங்கை படைத்தது!" என்று நேற்றுக் கூட்டத்தில் முழங்கினேன். பக்கத்து நிலத்து எத்திராஜ் மேடைக்கே வந்துவிட்டான்: "பேச்சு போதும்ணா, நாத்து குடு. இல்லன்னா இங்கியே குந்திக்குவேன்."

உன் செடிகளில் கிள்ளியெறியும் பக்கக்கிளைகளை நாற்றாக வேர்விட வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அனைவர்க்கும் வழங்குவேன். நீதான் ஊர்ப்பக்கமே வருவதில்லை.

அண்ணன்,
செங்கல்வராயன்

திருப்பதி,
8.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

தொலைபேசியில் என்னைப் பேசவிடமாட்டீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

நம் நிலத்தில் மட்டும் நட்டுப் பார்க்கவே அச்செடிகளைத் தந்தேன். ஆய்வு இன்னும் முடியவில்லை. வாடாத செடிக்குள்ளும் நோய் இருக்கலாம். ஒரு தண்டை அறுத்து, அறுத்த முனையைக் கண்ணாடிக் குவளை நீரில் தோயவிடுங்கள். பால்போல் வெள்ளிழை இறங்கினால் நோயின் நுண்ணுயிரி உள்ளே வாழ்கிறது. கிளையோடு அதுவும் போகும். எவர்க்கும் தராதீர்கள்.

அண்ணி நலமா?

தங்கை,
தரணி

நகரி,
10.10.2024

தரணிக்கு,

இறங்கியது.

உன் அண்ணி மனோரமா பார்த்துவிட்டாள். "இன்னாங்க இது, பால் கறந்தாப்புல ஊத்திக்கினு கீது?" என்றாள். நீரை வாய்க்காலில் கொட்டிவிட்டேன்.

எத்திராஜ் ஞாயிறுவரை பொறுக்கவில்லை. ஒரு கூடை கிளைகளைக் கொண்டுபோய் நட்டுவிட்டான். அவை பச்சையாகத்தான் நிற்கின்றன. ஊர்முன் முழங்கிய வாயால் எப்படி மறுப்பேன்? இந்த விளைச்சல் முடியட்டும். அதுவரை நீயும் வாய்திறவாதே.

செங்கல்வராயன்

திருப்பதி,
12.10.2024

அண்ணா,

குவளை நீரை வாய்க்காலிலா கொட்டினீர்கள்? அது கீழ்நிலங்கள் எல்லாவற்றுக்கும் பாய்கிறதே!

என் செடி சாகாது. அதனருகே ஊரார் நட்ட தக்காளி சாகும், கத்தரி சாகும், மிளகாய் சாகும். அந்த மண் ஆண்டுக்கணக்கில் நஞ்சாய்க் கிடக்கும். மடியாத செடி என்றீர்கள். நோய் மடியாமல் குடியிருக்கும் வீடு அது.

நான் வாய்மூட மாட்டேன். ஊர்ப்பக்கம் வருவதில்லை என்றீர்களே, நாளை ஞாயிறு, நீங்கள் நாற்று வழங்கக் கூட்டும் கூட்டத்துக்கு வருகிறேன், கண்ணாடிக் குவளையோடு. நீங்கள் பேசாவிட்டால் அது பேசும்.

அதற்குமுன் எத்திராஜ் நட்டவற்றை வேரோடு பிடுங்குங்கள். நம் நிலத்துச் செடிகளையும் எரித்துவிடுங்கள். தங்கையின் உழைப்பென்று ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். வாய்க்கால் மடையை மூடுங்கள். அதே மேடையேறி, அதே குரலில் உண்மையைச் சொல்லுங்கள்.

இக்கடிதம் இன்றே கைசேர, நகரிப் பேருந்தில் வருபவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மறுமொழி எழுத உட்காராதீர்கள். மண்வெட்டியை எடுங்கள், அண்ணா. இப்போதே!

தரணி