கலவாய்க்குள் கிடந்த விலாங்கு

அண்ணை,

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு கலவாய் மீனை அறுத்தேன். சந்தையில் நானே தெரிந்தெடுத்தது. வேறெவர் கையும் படவில்லை. குடலை விலக்கியபோது, இரைப்பைக்கு வெளியே, கறுத்து இறுகிய விலாங்கொன்று சுருண்டு கிடந்தது. மீனின் தோலைப் பூதக்கண்ணாடியால் சோதித்தேன். தையலும் இல்லை, பழைய வெட்டும் இல்லை. அதன் பிறகே கதிரையில் அமர்ந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு விலாங்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு, குருநகர்க் கடற்கரையிலிருந்து நீங்களும் உங்கள் தம்பியும் வந்தீர்கள்.

"கலவாயின்ரை வயித்துக்குள்ளை கிடந்தது, சேர். ஆனால் இரைப்பைக்கு வெளியிலை."

விழுங்கிய இரை இரைப்பைக்கு வெளியே முழுதாகக் கிடக்காது என்பது நான் கற்ற விதி. மீனை அறுத்தது யார் என்று கேட்டேன். தம்பி என்றீர்கள்.

"அப்ப தம்பிதான் விலாங்கை உள்ளை வைச்சு உங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார்."

"நான் ஏன் சேர் வைக்கிறன்? கலவாய் என்ன எனக்குச் சட்டைப்பையோ?" என்றார் அவர். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, தம்பியைத் திரும்பிப் பார்த்தீர்கள். அதன் பின்பும் எனக்கு மீன் மாதிரிகள் கொண்டுவந்தீர்கள், ஆனால் தனியாக. கவனித்தும் நான் காரணம் கேட்கவில்லை.

இவ்விலாங்கின் வால்நுனியில் துடுப்பில்லை. அது ஆணிபோல் கடினமானது. வாலை முன்விட்டுப் பின்னோக்கியே மணலுக்குள் புதைகிறது. உயிரோடு விழுங்கப்பட்டால் இரைப்பையையும் அவ்வாறே துளைத்து வெளியேறுகிறது. அதற்கப்பால் வழியில்லை, அங்கேயே இறந்து இறுகுகிறது. அன்றைய விலாங்கின் வாலை நான் அளந்தும் பார்த்தேன். அளந்தேனே தவிர யோசிக்கவில்லை.

மதியம் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் காலமான பின் இதுவே முதல் தடவை. செய்தியைச் சொன்னதும் உங்கள் மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அவன் வைக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் வைக்கேல்லை."

"சேர் படிச்ச மனுசன், சும்மா சொல்லமாட்டார் எண்டவர் இவர். அண்டைக்குப் பிறகு தம்பியை வள்ளத்திலை ஏத்தேல்லை. செத்தவீட்டுக்கும் அவன் வாசல் படலையோடை நிண்டிட்டுப் போனவன்."

எவரையும் சோதிக்காமல் நம்புவதில்லை என்பதையே என் நேர்மையாகக் கருதி வந்தேன். உங்கள் சொல்லைச் சந்தேகித்தேன். என் சொல்லை நீங்கள் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. நீங்கள் எனக்கு விட்டுச்சென்றது அந்த நம்பிக்கைதான். அதைச் சுமப்பது இலகுவாக இல்லை.

நாளை தம்பியிடம் போகிறேன். அவர் என்னை நம்பவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.