பழைய கன்ட்ரோலுக்கே மாற்றிவிட்டேன்

ஹெப்ரான் அண்ணே,

சாளை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. பிசியோ டார்லின் அக்கா வருவார். தூங்குவதுபோல் நடிக்காதே, உனக்கு நடிப்பும் வராது.

பைக்கில் விழுந்து உன் இடதுகை அசையாமல் போனபின், ஃபுட்பால் வீடியோ கேமை வலதுகையால் மட்டுமே நீ ஆடலாம் என்றுதான் புதிய கன்ட்ரோலுக்கு மாற்றினேன். அதில் ஆட்டக்காரன் தானாக ஓடுவான், நீ உதைத்தால் போதும். "ஆளு தானா ஓடுதான்னா நான் எதுக்குலே இங்கன?" என்று கத்திவிட்டு, நேற்று சாப்பிடாமல் படுத்துவிட்டாய். கை இனி வராது என்று நானே தீர்ப்பு எழுதியதுபோல் உனக்குப் பட்டிருக்கிறது.

பழையதற்கே மாற்றிவிட்டேன். தினமும் தோற்பது உன் உரிமை.

கிங்ஸ்டன்

பி.கு.: பழையதில் ஓடுவதற்கு இடது கட்டைவிரல் வேண்டுமே. காலேஜ் விட்டு வந்ததும் உன் இடப்பக்கம் உட்கார்கிறேன். கன்ட்ரோலரின் அந்தப் பாதியை நான் பிடிக்கிறேன், உதைப்பது நீ. ஜெயிக்க மாட்டோம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு, நான் ஓடுதேன்.